வார்ம் ஸ்பிரிங்ஸ், பிளெய்ன்ஸ்: அப்பா அம்மாவோடு ஒரு நாள் பஸ் பயணம்

அப்பாவும் அம்மாவும் இங்கே வந்து தங்கும்போது முதல் மாதம் எப்படியோ ஓடிவிடுகிறது. நயாகரா, வாஷிங்டன், உள்ளூரில் ஜார்ஜியா அக்வேரியம், கோவில், நண்பர்கள் வீட்டுச் சாப்பாடு. இரண்டாவது மாதத்திலிருந்துதான் அவர்களுக்கு வீடு கனக்க ஆரம்பிக்கிறது. அட்லான்டாவுக்கு வடக்கே நாங்கள் இருக்கும் பகுதியில் கார் இல்லாமல் ஒரு பால் பாக்கெட்கூட வாங்க முடியாது. நானும் கணவரும் வேலையில் இருப்போம், பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருப்பான், அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு தெருவில் யாராவது நாயைக் கூட்டிப் போனால்கூட அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டுவார். 2023 செப்டம்பரில் ஒருநாள் நூலகத்துக்குப் போனபோது அங்கே அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒரு நாள் பஸ் பயணம், காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரவுக்குள் திரும்புவது, கூடவே கைடு, வார்ம் ஸ்பிரிங்ஸும் பிளெய்ன்ஸும். அமெரிக்க அதிபர்களாக இருந்த இரண்டு பேரின் இடங்கள்: ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வீடு ஒன்று, ஜிம்மி கார்ட்டர் ஊர் ஒன்று.

உடனே பதிவு செய்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். இரண்டு நாள் யோசித்தேன். காரணம் இருந்தது.

அதற்கு முந்தைய மாதம்தான் வேறு ஒரு கம்பெனியின் பஸ்ஸில் மேடிசன் என்ற ஊருக்குப் போய் வந்திருந்தோம். அட்லான்டாவுக்குக் கிழக்கே ஒரு மணி நேரம். உள்நாட்டுப் போருக்கு முன் கட்டிய பெரிய பெரிய வெள்ளைத் தூண் வைத்த வீடுகள், பழைய ஓக் மரங்கள், பார்க்கக் கண்ணுக்கு அவ்வளவு அழகு. 1864ல் வடக்குத் தரப்புத் தளபதி ஷெர்மனின் படை ஜார்ஜியாவை எரித்துக்கொண்டு கடலை நோக்கிப் போனபோது இந்த ஊர் வீடுகள் தப்பித்தன, தென் மாநிலங்கள் நாட்டிலிருந்து பிரிந்துபோவதை எதிர்த்த ஜோஷுவா ஹில் என்ற அரசியல்வாதி அந்த ஊர்க்காரர், அவர் போய்ப் பேசினார் என்பதெல்லாம் கைடு நன்றாகவே சொன்னார். ஆனால் இரண்டரை மணி நேரத்தில் அடிமை என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து ஒருமுறைகூட வரவில்லை. "வேலைக்காரர்கள்" என்றார். அப்பாவுக்கு ஆங்கிலம் மெதுவாகப் பேசினால் புரியும். பஸ்ஸில் திரும்பி வரும்போது கேட்டார்: "இவ்ளோ பெரிய வீட்டை யாரும்மா கட்டுனது? வேலைக்காரங்கன்னா சம்பளம் குடுத்தாங்களா?" போர் தொடங்கும்போது அந்த மாவட்டத்தில் இருந்த மக்களில் பாதிக்கு மேல் அடிமைகள். அப்பா கேட்ட கேள்விக்கான பதில் அந்தப் பயணத்தில் எங்கேயும் இல்லை. பணம் போனதைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை. வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு ஊரைக் காட்டுகிறோம் என்று கூட்டிக்கொண்டு போய்ப் பாதியைத் துணி போட்டு மூடிவிட்டுக் காட்டுவது தப்பு.

அதனால் இந்த முறை முதலில் போன் செய்தேன். கைடு யார், என்ன பேசுவார், எத்தனை இடத்தில் நிற்கும் என்று கேட்டேன். ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை, இந்தப் பக்கத்து ஊர்க்காரர், நீங்களே பேசுங்கள் என்று அவரிடமே கொடுத்துவிட்டார்கள். பத்து நிமிடம் பேசினோம். "உங்கள் அப்பா என்ன வேலை பார்த்தார்?" என்று கேட்டார். மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றார் என்றேன். "அப்படியானால் அவரை முன்சீட்டில் உட்கார வையுங்கள்" என்றார். எதற்கு என்று அப்போது புரியவில்லை.

அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை. ஒரு சர்ச்சின் கார் நிறுத்துமிடத்திலிருந்து பஸ் கிளம்பியது. நாற்பது பேர் இருப்போம். முக்கால்வாசிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள், வெள்ளைக்காரர்களும் கறுப்பினத்தவரும் கலந்து. இந்தியர்கள் நாங்கள் மூன்று பேர் மட்டும்தான். ஒன்று சொல்ல வேண்டும், காரில் கூட்டிப் போவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். காரில் அவர்கள் பின்சீட்டில் உட்கார்ந்து முன்சீட்டின் தலையணையைப் பார்த்துக்கொண்டு வருவார்கள், நாங்கள் ஜிபிஎஸ்ஸோடு சண்டை போட்டுக்கொண்டு போவோம், போய்ச் சேர்ந்ததும் பலகையைப் படித்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவோம். பஸ்ஸில் உயரமாக உட்கார்ந்து பெரிய கண்ணாடி வழியாக ஊர் முழுக்கத் தெரியும். வயதில் ஒத்தவர்கள் பக்கத்தில். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, ஆனால் பக்கத்து வரிசையில் இருந்த ஒரு கறுப்பினப் பாட்டியோடு முதல் அரை மணி நேரத்திலேயே முட்டிவலித் தைலத்தைப் பரிமாறிக்கொண்டாகிவிட்டது. இரண்டு பேரும் சைகையிலேயே பேசிக்கொண்டு வந்தார்கள்.

நகரத்தைத் தாண்டியதும் கைடு மைக்கை எடுத்து ஆளுக்கு ஒரு பத்து சென்ட் காசு கொடுத்தார். "இதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், காசில் இருக்கும் இந்த ஆளைத்தான் பார்க்கப் போகிறோம்."

வார்ம் ஸ்பிரிங்ஸ் அட்லான்டாவிலிருந்து தென்மேற்கே சுமார் 70 மைல். பெயருக்கேற்ற மாதிரி அங்கே பூமிக்குள்ளிருந்து வருஷம் முழுக்க வெதுவெதுப்பான ஊற்றுத் தண்ணீர் வருகிறது, சுமார் 31 டிகிரி செல்சியஸ். ரூஸ்வெல்ட்டுக்கு 1921ல், 39 வயதில், போலியோ என்று சொன்ன நோய் வந்து இரண்டு காலும் போய்விட்டது. அந்தத் தண்ணீரில் நீந்தினால் கால் பலப்படும் என்று யாரோ சொல்ல, 1924ல் இங்கே வந்தார். தண்ணீருக்குள் கால் கொஞ்சம் அசைந்தது. அந்த நம்பிக்கையிலேயே 1926ல் அந்த இடத்தையே தன் சொத்தில் பெரும்பங்கைப் போட்டு வாங்கி, அடுத்த வருஷம் போலியோ நோயாளிகளுக்கான அமைப்பாக்கிவிட்டார். கால் குணமாகவில்லை. ஆனால் 1945 வரைக்கும் அவர் வந்துகொண்டே இருந்தார். அவர் கட்டிக்கொண்ட வீடுதான் லிட்டில் ஒயிட் ஹவுஸ், 1932ல் கட்டியது, அவர் அதிபராகத் தேர்வான அதே வருஷம்.

அந்த வீட்டைப் பார்த்ததும் அம்மா நம்பவில்லை. "இதுவா? நம்ம மாமா வீடே இதவிடப் பெருசுடி." ஆறு அறை. பைன் மரத்தில் செய்த சுவர். கட்டில் குறுகல். ஒரு நாட்டின் அதிபர், அதுவும் நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர், வந்து தங்கிய வீடு. பக்கத்து மியூசியத்தில் அவர் காலில் மாட்டிக்கொண்ட இரும்புக் கம்பி, கையாலேயே ஓட்டும்படி மாற்றிய ஃபோர்டு கார், ஜனங்கள் அவருக்கு அனுப்பிவைத்த கைத்தடிகள். இரும்புக் கம்பியின் முன்னால் அம்மா ரொம்ப நேரம் நின்றார். என் தாய்மாமா ஒருவர் சின்ன வயதில் காலிபர் ஷூ போட்டுத்தான் பள்ளிக்கூடம் போனார். அதே பட்டை, அதே கொக்கி. "இந்த நாட்டு ராஜாவுக்கும் இதேதானா" என்று மட்டும் சொன்னார்.

1945 ஏப்ரல் 12 அன்று மதியம் அந்த வீட்டின் முன் அறையில் ரூஸ்வெல்ட் உட்கார்ந்திருந்தார், எலிசபெத் ஷுமட்டாஃப் என்ற ஓவியர் அவரை வரைந்துகொண்டிருந்தார். தலையின் பின்பக்கம் பயங்கரமாக வலிக்கிறது என்றார், சாய்ந்தார், அவ்வளவுதான். முகமும் தோளும் மட்டும் முடிந்து மற்றதெல்லாம் வெறும் கோடாக நிற்கும் அந்தப் படம் அங்கேயே இருக்கிறது. இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கலாம். எங்கள் கைடு அந்த அறையில் இரண்டே நிமிடம்தான் நின்றார். அப்புறம் எல்லோரையும் சமையலறைக்குக் கூட்டிப்போனார்.

அங்கே சுவரில் பென்சிலில் ஒரு வரி, மேலே கண்ணாடி மாதிரி ஒரு தகடு போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அம்மாவின் பக்கத்தில் இருந்த பாட்டி குனிந்து அதைச் சத்தமாகப் படித்தார். நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்: இந்த வீட்டில் அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு முதல் சாப்பாடும் கடைசிச் சாப்பாடும் சமைத்தது டெய்சி பானர். கறுப்பினப் பெண், அவருடைய சமையல்காரர். அந்தக் கடைசி நாள் மதியச் சாப்பாட்டை ரூஸ்வெல்ட் சாப்பிடவே இல்லை, அது மேசைக்கு வருவதற்குள் அவர் மயங்கிவிட்டார். அம்மா அந்த அடுப்பைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "செஞ்ச சாப்பாடு அப்படியே இருந்திருக்குமே" என்றார். நான் இதுவரைக்கும் பார்த்த நினைவுச் சின்னங்களில் இந்தப் பென்சில் வரியை மறக்கவே முடியாது. பதவியில் இருந்தவர்கள் கல்லில் வெட்டி வைப்பார்கள், இந்த அம்மா நானும் இங்கே இருந்தேன் என்று தன் கையால் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

கைடு அங்கேயே நின்று அடுத்ததைச் சொன்னார், குரலை உயர்த்தாமல். டெய்சி பானர் மாதிரி எத்தனையோ கறுப்பினத்தவர் இந்த ஊரில் சமைத்தார்கள், துவைத்தார்கள், நோயாளிகளைத் தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீரில் இறக்கினார்கள். ஆனால் அவர்கள் வீட்டுக் குழந்தைக்குப் போலியோ வந்தால் இங்கே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், வெள்ளையருக்கு மட்டும்தான் இடம். அந்தக் குழந்தைகளுக்கென்று அலபாமாவில் டஸ்கீகி கல்லூரி வளாகத்தில் ஒரு தனி மருத்துவ மையம் 1941ல்தான் திறந்தார்கள். நாங்கள் கையில் வைத்திருந்த பத்து சென்ட் காசு அப்போதுதான் விளங்கியது. 1938ல் ரூஸ்வெல்ட் தொடங்கிய போலியோ நிதிக்கு ஜனங்கள் இந்தக் காசைத்தான் லட்சக்கணக்கில் தபாலில் அனுப்பினார்கள், அதனால்தான் அவர் இறந்தபிறகு 1946ல் அதே காசில் அவர் முகம் வந்தது, டஸ்கீகி மையத்துக்கும் அந்த நிதியிலிருந்துதான் பணம் போனது, சால்க் கண்டுபிடித்த போலியோ தடுப்பூசிக்கும் அதே நிதிதான். அந்தத் தடுப்பூசி வேலை செய்கிறது என்று அறிவித்த நாள் 1955 ஏப்ரல் 12. அவர் இறந்து சரியாகப் பத்து வருஷம். கொடுத்தவர்கள் யார், பலன் யாருக்கு முதலில் கிடைத்தது, யார் வாசலில் நின்றார்கள் எல்லாம் சேர்த்துச் சொன்னார். ரூஸ்வெல்ட்டைச் சிறுமைப்படுத்தவும் இல்லை, எதையும் மறைக்கவும் இல்லை. மேடிசனில் எனக்குக் கிடைக்காதது இதுதான்.

வெளியே வந்து பைன் மரத்தடியில் உட்கார்ந்தபோதுதான் அப்பாவை ஏன் முன்சீட்டில் உட்கார வைக்கச் சொன்னார் என்று தெரிந்தது. ரூஸ்வெல்ட் முதன்முதலில் இங்கே ஒரு சின்னக் குடிலில் தங்கியபோது மாதம் முடிந்து கரன்ட் பில் வந்ததாம். ஒரு யூனிட்டுக்கு 18 சென்ட். நியூயார்க்கில் ஹைட் பார்க்கிலுள்ள தன் சொந்த வீட்டில் அவர் கட்டுவதைப்போல் சுமார் நான்கு மடங்கு. ஏழை ஊரில் கரன்ட் ஏன் இவ்வளவு விலை, சுற்றியிருக்கும் பண்ணைகளுக்கு ஏன் கரன்டே இல்லை என்று அவர் யோசிக்க ஆரம்பித்தது அந்த பில்லில்தான் என்று பின்னாளில், 1938ல் பக்கத்து ஊரான பார்ன்ஸ்வில்லில் பேசும்போது அவரே சொல்லியிருக்கிறார். 1935ல் கிராமங்களுக்கு மின்சாரம் கொடுக்க ஆர்இஏ என்ற அரசு அமைப்பைத் தொடங்கினார். அப்போது அமெரிக்காவில் பத்துப் பண்ணை வீடுகளில் ஒன்றில்தான் விளக்கு எரிந்தது. தனியார் கம்பெனிகளுக்கு வீடுகள் தள்ளித்தள்ளி இருந்தால் கம்பம் நட்டுக் கம்பி இழுக்கும் செலவு கட்டுப்படியாகாது. அதனால் விவசாயிகளே கூட்டுறவுச் சங்கம் வைத்து அரசுக் கடனில் லைன் இழுத்தார்கள்.

அப்பா முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் கம்பம் ஏறியவர். திண்டிவனம் பக்கம் எங்கள் கிராமத்துக்குக் கரன்ட் வந்தபோது அவருக்குப் பத்து வயது, முதல் விளக்கு எரிந்த அன்று ராத்திரி யாரும் தூங்கவில்லை என்று எனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறார். அமெரிக்கா என்றால் என்றைக்குமே விளக்கு எரிந்துகொண்டிருந்த நாடு என்றுதான் நினைத்திருந்தார். "ஒரு மைலுக்கு எத்தன கம்பம் நட்டாங்கன்னு கேளும்மா" என்றார். கேட்டேன். கைடுக்கு அந்த எண்ணிக்கை தெரியவில்லை, ஆனால் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டு, "அதற்கு உங்களைத்தான் கேட்க வேண்டும், அடுத்த இடத்தில் மிச்சக் கதை இருக்கிறது" என்றார்.

குளியல் குளங்கள் கொஞ்ச தூரத்தில், இப்போது தண்ணீர் இல்லாமல் காலியாக இருக்கின்றன. ஊற்றுத் தண்ணீரைக் கையால் தொட்டுப் பார்க்க மட்டும் ஓர் இடம் உண்டு. அம்மா தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மதியச் சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. தென் மாநிலச் சிற்றூர்களில் சைவம் சாப்பிடுகிறவர்கள் காய்கறி என்று கேட்டு ஏமாறக்கூடாது. கீரை, பீன்ஸ் எல்லாவற்றிலும் ருசிக்குப் பன்றிக்கறி ஒரு துண்டு போட்டுத்தான் வேகவைப்பார்கள். சோள ரொட்டியும் பொரித்த பச்சைத் தக்காளியும் கிடைத்தால் சாப்பிடலாம், எதில் பொரித்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போயிருந்தோம். பாட்டிக்கும் கொடுத்தோம், அவர் அதிலிருந்த கடலையைப் பொறுக்கிக் காட்டி, "இது எங்கள் ஊர்ச் சாமான்" என்றார்.

உண்மைதான். அங்கிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரம் போகப் போக மண் சிவந்துகொண்டே வந்தது. ஒரு பக்கம் பருத்தி வெடித்து வெள்ளையாக நிற்கிறது, இன்னொரு பக்கம் கடலைச் செடியைப் பிடுங்கி வேர்ப்பக்கம் மேலே வரும்படி வரிசை வரிசையாகக் கவிழ்த்துக் காயவைத்திருக்கிறார்கள். அம்மா ஜன்னலில் தட்டினார். "மல்லாட்டடி! மல்லாட்ட புடுங்கியிருக்காங்க பாரு!" எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு அதுதான் பெயர், மணிலாக்கொட்டை என்பது தேய்ந்து மல்லாட்டை. அமெரிக்காவில் விளையும் கடலையில் பாதி ஜார்ஜியாவில்தான் விளைகிறது. ஆறு மாதம் இந்த நாட்டில் இருந்துவிட்டுப் போகும் அம்மாவுக்குத் தெரிந்த மண்ணை நான் அதுவரைக்கும் காட்டவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பிளெய்ன்ஸுக்கு மூன்று மைல் மேற்கே ஆர்ச்சரி என்று ஓர் இடம். ஜிம்மி கார்ட்டர் நான்கு வயதிலிருந்து கல்லூரிக்குப் போகும்வரை வளர்ந்த பண்ணை வீடு அங்கே இருக்கிறது, தேசியப் பூங்காத் துறை பராமரிக்கிறது. உள்ளே போனால் சின்ன வயதில் எங்கள் தாத்தா வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. வெளியே கழிப்பறை, கை பம்பு, கொல்லன் பட்டறை, ஒரு சின்னக் கடை, ஆட்டுக் கொட்டகை. 1935ல் காற்றாலை வைத்த பிறகுதான் வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் வந்தது. குளிப்பதற்கு மேலே ஒரு வாளியைத் தொங்கவிட்டு அடியில் ஆணியால் ஓட்டை போட்டிருக்கிறார்கள். கரன்ட் வந்தது 1938ல். ஆர்இஏ லைன்.

கைடு கூடத்தில் தொங்கிய விளக்கைக் காட்டி அப்பாவைப் பார்த்தார். "வார்ம் ஸ்பிரிங்ஸில் வந்த பில் இங்கே விளக்காக எரிந்தது." வீட்டில் முதல்முறையாக விளக்கு எரிந்த நாளைத் தன் வாழ்க்கையின் பெரிய நாட்களில் ஒன்றாகக் கார்ட்டர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார், அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது. இதை நான் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. அப்பா விளக்கின் கம்பியைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு சுவர், உத்தரம், ஜன்னல் என்று தேடி வெளியே வந்து கம்பம் எங்கே நட்டிருப்பார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றார். இந்த இரண்டு ஊரையும் நாங்கள் தனித்தனியாகக் காரில் போய்ப் பார்த்திருந்தால், ஒன்று ஓர் அதிபர் இறந்த வீடு, இன்னொன்று ஓர் அதிபர் வளர்ந்த வீடு என்று முடிந்திருக்கும். நடுவில் ஓடும் கம்பியை அந்த ஆசிரியைதான் இழுத்தார்.

முற்றத்தைத் தாண்டினால் ஒரு சிறிய வீடு, ஜாக் கிளார்க், ரேச்சல் கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதியுடையது. பண்ணையில் வேலை செய்தவர்கள். பெற்றோர் ஊரில் இல்லாத ராத்திரிகளில் சிறுவன் கார்ட்டர் அவர்கள் வீட்டுத் தரையில்தான் படுத்துத் தூங்குவான். ஜாக் கிளார்க் விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பெரிய மணியை அடிப்பார், அந்தச் சத்தத்தில்தான் பண்ணை எழுந்திருக்கும். மணி இன்னும் அங்கே இருக்கிறது. ஆர்ச்சரியில் சுற்றியிருந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்கள், அவனோடு மீன் பிடித்தது, சண்டை போட்டது எல்லாம் அந்தப் பிள்ளைகள்தான். பதினாலு வயது வாக்கில் ஒருநாள் வயலிலிருந்து திரும்பும்போது கூட வந்த இரண்டு நண்பர்கள் வேலிக் கதவைத் திறந்துவிட்டு, இவன் முதலில் போகட்டும் என்று ஒதுங்கி நின்றார்கள். அதுவரை அப்படிச் செய்ததில்லை. ஏதோ விளையாட்டு, கால் தடுக்கிவிடப் பார்க்கிறார்கள் என்று நினைத்தானாம். வெள்ளைக்காரனுக்கு வழிவிட வேண்டும் என்று அவர்கள் வீட்டில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது என்று கார்ட்டரே எழுதியிருக்கிறார். அப்பா இதைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம ஊர்ல இதுக்கு வேற வழி இருந்துச்சும்மா, கம்பம் எந்தத் தெரு வரைக்கும் போச்சுன்னு நான் பாத்திருக்கேன்" என்றார். எங்கள் கிராமத்தில் காலனிக்குக் கரன்ட் எத்தனை வருஷம் கழித்து வந்தது என்பதை அவர் அதற்கு முன்னால் என்னிடம் சொன்னதில்லை. அந்த முற்றத்தில் நின்றுதான் சொன்னார்.

பிளெய்ன்ஸ் ஊர் என்பது ஒரே ஒரு கடைத்தெரு. 600 பேர்கூட இல்லை. 1888ல் கட்டிய சிறிய ரயில் நிலையம், காலியாகக் கிடந்ததை 1976ல் தேர்தல் அலுவலகமாக்கிக்கொண்டார்கள். ஊர்க்காரர்களும் ஜார்ஜியாக்காரர்களும் தங்கள் செலவில் நியூ ஹாம்ஷைர் வரைக்கும் போய் வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கார்ட்டருக்கு ஓட்டு கேட்டார்கள், அவர்களுக்குக் கடலைப் படை என்று பெயர். இங்கேதான் அம்மா கார்ட்டரின் அம்மாவைச் சந்தித்தார் என்று சொல்ல வேண்டும். லில்லியன் கார்ட்டர், நர்ஸ். 1966ல், 68 வயதில், அமைதிப் படை (பீஸ் கோர்) என்ற அமெரிக்கத் தன்னார்வலர் அமைப்பில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்து பம்பாய் பக்கத்தில் விக்ரோலியில் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் வேலை பார்த்தவர். நாங்கள் போனபோது என் அம்மாவுக்கும் 68. "ஒத்தையிலயா வந்தாங்க? பாஷ தெரியாமலா?" என்று இரண்டு முறை கேட்டார். பாட்டியிடம் திரும்பித் தன்னையும் லில்லியன் படத்தையும் மாறி மாறிக் காட்டி விரல்களில் 68 என்று சொன்னார்.

கடையில் வேகவைத்த கடலை விற்கிறார்கள். பச்சைக் கடலையை ஓட்டோடு உப்புத் தண்ணீரில் மணிக்கணக்காக வேகவைத்தது, தென் மாநிலங்களில் அது தெருவோரத் தீனி. ஐந்து, ஆறு வயதில் கார்ட்டர் இதே தெருவில் பொட்டலம் போட்டு விற்றது இதைத்தான். அம்மா ஒன்றை உரித்து வாயில் போட்டு, "உப்பு கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா பதமா வெந்திருக்கு" என்று சொல்லிவிட்டு மூன்று பை வாங்கச் சொன்னார்.

குறை ஒன்று உண்டு. ஊருக்குள் எங்களுக்குக் கொடுத்தது நாற்பது நிமிடம். கார்ட்டர் படித்த பள்ளிக்கூடம் இப்போது மியூசியம், அதை ஓட்டமாக ஓடித்தான் பார்த்தோம். ஜூலியா கோல்மன் என்ற ஆசிரியையை அவர் 1977 பதவியேற்பு உரையிலேயே பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார், அந்த வகுப்பறை வாசலில் எங்கள் கைடு நின்று பேச ஆரம்பித்தபோது டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். வெள்ளைப் பிள்ளைகள் மட்டும் படித்த பள்ளிக்கூடம் அது, ஆர்ச்சரி நண்பர்கள் எங்கே படித்தார்கள் என்று அவர் சொல்லத் தொடங்கியதைப் பஸ்ஸில்தான் முடித்தார்: சர்ச்சுகளிலும் வீட்டு அறைகளிலும். இரண்டு ஊரை ஒரே நாளில் அடைப்பது கொஞ்சம் அதிகம்தான். திரும்புவதற்கே இரண்டரை மணி நேரத்துக்கு மேல். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே கேளுங்கள், பஸ்ஸுக்குள் கழிப்பறை உண்டா, வீட்டு வாசல்வரை சரிவுப் பாதை எவ்வளவு தூரம் என்றும் கேளுங்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் கைடோடு பேசிவிடுங்கள். அவர் உங்களைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்கிறாரா என்று பாருங்கள்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. பஸ்ஸில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், அப்பா மட்டும் முன்சீட்டில் விழித்துக்கொண்டு, வயலுக்கு நடுவே தள்ளித்தள்ளி எரிந்த வீட்டு விளக்குகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நாங்கள் போய்வந்தபோது கார்ட்டர் பிளெய்ன்ஸில் தன் வீட்டில்தான் படுக்கையில் இருந்தார், ஊரில் எல்லோரும் கொஞ்சம் மெதுவாகவே பேசினார்கள். அடுத்த மாதம் அவர் மனைவி ரோசலின் கார்ட்டர் காலமானார். அப்பா அம்மா டிசம்பரில் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். 2024 டிசம்பர் 29 அன்று, நூறு வயதில், கார்ட்டர் போய்விட்டார். நான் செய்தி பார்ப்பதற்குள் திண்டிவனத்திலிருந்து போன். "அந்த வெளக்கு வந்த வீட்டுக்காரர் போயிட்டாராமேம்மா."

ஜனவரி 4 அன்று அவர் உடலை அட்லான்டாவுக்குக் கொண்டுபோகும் வழியில் வண்டிகள் ஆர்ச்சரிப் பண்ணை வாசலில் கொஞ்ச நேரம் நின்றன. அவர் 39வது அதிபர் என்பதால் பூங்காத் துறைக்காரர்கள் அந்தப் பண்ணை மணியை 39 முறை அடித்தார்கள். நான் வீடியோ காலில் போனை டிவி பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தேன், அங்கே ராத்திரி. அம்மா ஒவ்வொரு மணிக்கும் எண்ணிக்கொண்டு வந்தார், நடுவில் எண்ணிக்கை தவறியதும், அப்பா பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுத்தார்.